தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

தாதிமார் விடுதி, கொழும்பு
1935 ஜூன் 3

அத்தைக்கு,

தை மாதத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காரியம் வந்துவிட்டது.

காய்ச்சல் நாட்களில் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்த டாக்டரம்மா, என் பேரைச் சீமைக்கு எழுதிப் போட்டிருந்தார். லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் பிள்ளைப்பேற்று வைத்தியம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. செலவை ஒரு தரும சபை ஏற்றுக்கொள்கிறது. கப்பல் செப்டம்பர் 12. அதற்குப் பாஸ்போட் வேண்டும்.

பாஸ்போட்டுக்குப் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். கேகாலைக் கச்சேரியிலிருந்து எடுப்பித்தேன். தகப்பன் கன்னையா, தாய் சித்தி மரியம் என்று அதில் இருக்கிறது, நம் கடைக்கார உம்மாவின் பேர். பாஸ்போட் கந்தோர்க் கிளாக்கர் இரண்டு தரம் படித்துவிட்டு என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். "அம்மா சோனகப் பொம்பளையா?" என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் தலை குனியவில்லை. வெளியே வந்த பிறகு குனிந்தேன்.

எனக்கு இன்னும் இருபத்தொரு வயது ஆகவில்லை. பெற்றவர் ஒருவர் சம்மதம் தர வேண்டும். மாமா தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். பத்திரத்தில் இருக்கும் தாய் என்னைப் பெறவில்லை. ஆகவே பெற்றவள் ஒரு சமாதான நீதவான் முன்னால் போய், இது நான் பெற்ற பிள்ளை என்று சத்தியம் செய்து கையொப்பம் வைத்த கடதாசி ஆகஸ்ட் 10-க்குள் வந்து சேர வேண்டும்.

உங்களை அத்தை என்றும் அவரை மாமா என்றும் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வளர்த்தீர்கள். அப்படியே கூப்பிடுகிறேன். ஆனால் பெற்றவர் நீங்கள்தான் என்பது லயத்துக் கோழிகளுக்கும் தெரியும். வேறு எதுவும் நான் உங்களிடம் கேட்கவில்லை.

தவிட்டம்மாள்


நாகமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு லயம்
புளத்கொகுபிட்டிய
1935 வைகாசி 28

தவிட்டம்மாளுக்கு இருளாயி எழுதுவது.

உன் கடிதம் வந்தது. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. விரலை வைத்துத்தான் படிக்க வரும். வேலைக்குப் போகும்போது மடியில் செருகிக்கொண்டு போய், மரத்துக்கு மரம் நடக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். ரப்பர் பால் பட்டு ஒரு மூலை ஒட்டிக்கொண்டது. அதற்குள் இருந்ததை ஊகித்துக்கொண்டேன்.

சீமைக்கா போகிறாய்? அதைக் கேட்க மாமா இல்லையே. இருந்திருந்தால் தேயிலை ஆலைச் சங்கை இரண்டு தரம் ஊதியிருப்பார், துரை என்ன திட்டினாலும். அவர் போய் நாலரை மாதம் ஆகிறது. இன்னமும் காலையில் இரண்டு கோப்பையில்தான் தேத்தண்ணி ஊற்றுகிறேன். பிறகு ஒன்றைத் திரும்பக் கேத்தலில் ஊற்றி மூடிவிட்டுப் போகிறேன். தினமும் இதே பிழை.

உன்னைப் பற்றி இங்கே பேசாத ஆள் இல்லை. மேல்பிரிவுக் கருப்பாயி, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "அந்தப் புள்ள இல்லாட்டி எங்க குடும்பமே குழிக்குள்ள கெடக்கும்க்கா. கொயினா மருந்து கசக்குதுன்னு எம்மவன் துப்புனான். அது மூக்கப் புடிச்சி ஊத்திருச்சி. அப்பறம் தானும் ஒரு மொடக்குக் குடிச்சிட்டு, பார்றா நான் சாவலன்னு நாக்க நீட்டிக் காட்டுச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய கங்காணி கூடச் சிரித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. வெளியே காட்டவில்லை. கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

எத்தனை லயம் ஏறி இறங்கினாயாம்! பீ மூத்திரம் பார்க்காமல் அள்ளினாயாம். அருவருப்பு இல்லாத கை உனக்கு. சீமைக்காரர்கள் சும்மா கூப்பிடுவார்களா? நன்றாகப் போய் வா.

ஆனால் அந்தக் கடதாசி மட்டும் என்னால் ஆகாது. பத்திரத்தில் சித்தி மரியம் உம்மா பேர்தானே இருக்கிறது. அவரே கையொப்பம் வைக்கட்டும். அதுதான் எல்லோருக்கும் நல்லது.

இருளாயி


கொழும்பு
1935 ஜூன் 20

அத்தைக்கு,

உம்மாவுக்கு உடனே எழுதினேன். அவர் தன் கணவர் முக்தார் முதலாளியிடம் சொல்லி எழுதுவித்த பதிலை அப்படியே தருகிறேன்: "புள்ள, ஒனக்காகக் கடைய விக்கச் சென்னாலும் விப்பேன். அல்லாஹ்வச் சாட்சி வச்சிப் பொய் செல்ல எனக்கு ஏலாது. பெத்தவ உசிரோட ஈக்கிறா. அவக்கிட்டக் கேளு."

ஆகவே திரும்ப உங்களிடமே வந்திருக்கிறேன்.

தை மாதம் நடந்ததை நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். ஆள் வந்து சொன்னதும் கரவனெல்லையிலிருந்து நடந்தே வந்தேன். மாமாவை வாசலில் கிடத்தியிருந்தீர்கள். 'அப்பா' என்று வாயைத் திறந்தேன். உங்கள் கை வந்து என் வாயை மூடியது. பல்லில் உதடு கிழிந்தது. வாய்க்கரிசி போட வரிசையில் நின்றேன். "அது அசலூட்டுப் புள்ள, தள்ளி நிக்கட்டும்" என்றீர்கள். கருப்பாயி போட்டாள், கங்காணி போட்டார், ஆலையில் விறகு தள்ளுகிறவர்கள் எல்லோரும் போட்டார்கள். நான் கையில் அரிசியோடு தண்ணீர்ப் பீலிப் பக்கம் நின்றேன். அந்த அரிசியை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போனேன், தெரியுமா?

என்னை ஒரு சுண்டு தவிட்டுக்கு விற்றதால்தான் நான் பிழைத்தேன் என்று நீங்கள் இன்னும் நம்புகிறீர்கள். நாற்பது படுக்கையில் நூறு பேரை வைத்துப் பார்த்தவள் நான். அழகான பேர் வைத்த பிள்ளையும் செத்தது. குப்பை என்று பேர் வைத்த பிள்ளையும் செத்தது. காய்ச்சல் யாரிடமும் பேர் கேட்கவில்லை.

எனக்கு வேண்டியது ஒரு கையொப்பம். அதற்குக் கூட நான் அசல் வீட்டுப் பிள்ளையா?

தவிட்டம்மாள்


நாகமலைத் தோட்டம்
1935 ஆனி 18

தவிட்டம்மாளுக்கு,

கோபமாக எழுதினாலும் உன் எழுத்து கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறது. எனக்கு இது எழுதி முடிக்க மூன்று நாள் ஆகிறது.

உனக்குச் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. சொல்கிறேன். யாருடைய கதை என்று கேட்காதே.

ஒருத்திக்கு முதல் பிள்ளை ஆண். முத்துவீரன் என்று பேர். நடக்கத் தொடங்கி, ஆலைச் சங்கு ஊதினால் கை தட்டுவான். மாந்தம் வந்து போனான். அடுத்தது பெண், இலட்சுமி. பெருத்த தலைமுடி. வயிற்றுப்போக்கில் நாலு நாளில் போனாள். மூன்றாவதற்குப் பேர் வைக்கவே இல்லை. பேர் வைக்கும் நாளுக்கு முன்னால் போய்விட்டது. மூன்றையும் ஆற்றோரம் ஈரப்பலா மரத்தடியில் வைத்திருக்கிறது. மூன்று கல். அவள் அந்தப் பக்கத்து மரங்களைத் தனக்கு வேண்டாம் என்று கங்காணி காலில் விழுந்து வேறு நிரை வாங்கிக்கொண்டாள்.

நாலாவது பிறந்தது. அதுவும் பெண். அன்றைக்கே லயத்துப் பெண்கள் சொன்னார்கள்: "உங்கையில தங்காது. வேற மதத்து ஆளுக்குத் தவுட்டுக்குக் குடுத்துரு. எமன் வந்து தேடுனா அடுத்தவ புள்ளன்னு போயிருவான்." புருசன்காரன் கடைத்தெருவுக்கு ஓடினான். முக்தார் முதலாளி பெண்சாதி, அப்போதுதான் கலியாணமாகி வந்த சின்னப் பெண், ஒரு சுண்டு தவிட்டோடு வந்தாள். "எனக்கு இதுல நம்பிக்க இல்ல. ஒங்கட மனசுக்காகச் செய்றன்" என்றாள். தவிட்டைக் கொடுத்து, பிள்ளையை வாங்கி, வாசல் வரைக்கும் போய், "இது எண்ட புள்ள, நீ வளத்துத் தா" என்று திரும்பக் கொடுத்தாள். அன்றிலிருந்து பெற்றவள் அந்தப் பிள்ளையைத் தன்னது என்று சொல்லக்கூடாது. சொன்னால் வாங்கினது செல்லாது.

பத்து நாள் கழித்து, தோட்டக் கந்தோரிலிருந்து புதுக் கிளாக்கர் பிறப்புப் பதியும் புத்தகத்தோடு லயத்துக்கு வந்தார். "யார் பிள்ளை?" என்று கேட்டார். அவள் என்ன சொல்வாள்? "கடைக்கார உம்மா புள்ளங்க" என்றாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். பிழை அவருடையது இல்லை. அவள் அதைத் திருத்தவும் இல்லை.

அந்தப் பிள்ளை தங்கியது. தங்கியதோடு நிற்கவில்லை, படித்தது. வெள்ளைச் சேலை கட்டியது. ஊரே காய்ச்சலில் விழுந்தபோது அது மட்டும் நிமிர்ந்து நடந்தது. இருபது வருடமாக அவள் அதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், யாரோ ஒருவருடைய தங்க நகையைப் பார்க்கிற மாதிரி.

தை மாதம் எமன் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டான். ஒருவரை எடுத்துக் கீழே கிடத்திவிட்டு இன்னும் போகவில்லை. அவன் காதில் விழ நீ 'அப்பா' என்கிறாய். நான் என்ன செய்வேன்? கை தானாக வந்தது. உதடு கிழிந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கையை எடுத்திருக்க மாட்டேன்.

காய்ச்சல் பேர் கேட்பதில்லை என்று நீ படித்திருக்கிறாய். இருக்கலாம். எனக்கு மூன்று கல் இருக்கிறது. நாலாவது ஒன்றைக் கடலுக்கு அப்பால் எங்கே போய்த் தேடுவேன்?

இருளாயி


கொழும்பு
1935 ஜூலை 9

அத்தைக்கு,

மூன்று பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு என்று யாரோ சொன்ன ஞாபகம். முத்துவீரன், இலட்சுமி. அந்தப் பேர்களை இன்றைக்கு எத்தனை தரம் சொல்லிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். மார்பில் அடித்துக்கொண்டு அழுவார்கள். நாங்கள் தண்ணீர் கொடுப்போம், அடுத்த படுக்கைக்குப் போய்விடுவோம். மூன்று தரம் அப்படி அழுத ஒருத்தி நாலாவதைப் பெற்று, அதைக் கொஞ்சாமலே இருபது வருடம் பக்கத்தில் வைத்துச் சோறு போட்டாள் என்பதை நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. அதற்கு எவ்வளவு பலம் வேண்டும். எனக்கு அவ்வளவு இல்லை.

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன், போகவில்லை என்று. இந்த இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுப்பார்கள். அடுத்த வருடம் எனக்கு இருபத்தொன்று ஆகும். அப்போது வேறு இடம் கிடைத்தால் நானே கையொப்பம் வைத்துக்கொள்வேன். கிடைக்காவிட்டால் இங்கேயே இருக்கிறேன். நீங்கள் பயப்பட வேண்டாம்.

மாமாவின் வருடத் திதிக்கு வருவேன். தள்ளியே நிற்கிறேன்.

தவிட்டம்மாள்


நாகமலைத் தோட்டம்
1935 ஆடி 6

தவிட்டம்மாளுக்கு,

இதோடு ஒரு கடதாசி வைத்திருக்கிறேன். மடிக்காமல் எடு. டாக்டரம்மாவிடம் ஓடிப் போய், வருகிறேன் என்று சொல்.

உன் கடிதத்தைப் படித்த அன்று ஒரு மரத்தில் பட்டை ஆழமாக வெட்டிக் கங்காணியிடம் ஏச்சு வாங்கினேன். 'போகவில்லை, பயப்பட வேண்டாம்' என்று எழுதியிருக்கிறாயே, அது வேண்டும் என்றா உன்னைக் கொடுத்தேன்? எமன் எடுக்காமல் நானே எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. மாமா கனவில் வரவில்லை, ஒன்றும் இல்லை. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டு நானாகத்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆடி மாதம் நல்ல காரியத்துக்கு ஆகாது என்பார்கள். ஆவணி வரைக்கும் உன் கந்தோர் காத்திருக்காதே. கீழ்க் கிராமத்தில் நெல் குற்றும் சிங்களப் பெண்ணிடம் இரண்டு சுண்டு தவிடு கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு கடைக்குப் போனேன். விற்றதைத் திரும்ப வாங்காமல் என்னுடையது என்று எப்படிச் சொல்வது?

முக்தார் முதலாளி தராசுக்குப் பக்கத்தில் இருந்தார். "என்ன இருளாயி, நம்மட கடைத் தவுடு கசந்து போச்சா? வெளியால வாங்கிட்டு வாறாய்?"

"இது உங்களுக்கில்லீங்க மொதலாளி. உம்மாவுக்கு."

சித்தி மரியம் உள்ளேயிருந்து வந்து முடிச்சைப் பார்த்தார். பார்த்ததும் விளங்கிவிட்டது. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "இருவது வருசம் கழிச்சித் தவுட்ட நீட்டுறியே, வெக்கமில்லியா ஒனக்கு? எனக்கு விக்க ஏலாது. என்ன உம்மாண்டு கூப்பிட்ட புள்ள அது."

"புள்ள கப்பலுக்குப் போவணும் உம்மா."

"போகட்டும். எண்ட புள்ளயாப் போகட்டும்."

"அப்பப் போயிச் சத்தியம் பண்ணுங்க."

"அது ஏலாது."

முதலாளி தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கேட்டேன், கேட்டேன். பத்திரத்துல தகப்பன் கன்னையா, தாய் சித்தி மரியம். நல்ல குடும்பந்தான். நான் எங்க போற?"

அப்புறம் மூன்று பேரும் சிரித்தோம். தை மாதத்துக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடிந்ததும் இதைக் கேட்டு முதலில் சிரிக்க வேண்டியவர் இல்லையே என்று அழுகை வந்தது. சித்தி மரியம் என் முந்தானையை அவிழ்த்துத் தவிட்டை எடுத்துக்கொண்டார். "கொண்டா. ரெண்டு உம்மா இருந்தா என்ன? பாஸ்போட்டுக்கு ஒண்டு, கடைக்கு ஒண்டு." பின்வாசலில் போய்க் கோழிகளுக்கு வீசிவிட்டு, முக்காட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு கிளம்பினார்.

ருவன்வெல்லவில் சமாதான நீதவானாக இருக்கும் சிங்களப் பெரியவர், மாத்தயா வீட்டுக்குப் போனோம். வயதானவர், மூக்குக்கண்ணாடி. தவிட்டுக் கதையை சித்தி மரியம் சிங்களத்தில் சொன்னார். மாத்தயா சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "மே உம்பே துவத?" என்றார். நீ பெற்ற பிள்ளையா என்று கேட்கிறார்.

தமிழில் கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. நம்முடைய எமன் நம் ஊரிலிருந்து நம்மோடு தோணி ஏறி வந்தவன். அவனுக்குச் சிங்களம் தெரிந்திருக்காது. "ஒவ் ஹாமு, மகே துவ" என்றேன், ஆமாம், அப்படித்தான் என்று. சத்தமாகவே சொன்னேன். "மகே துவ, மகே துவ" என்று மூன்று தரம் சொன்னேன். "ஒரு தரம் போதும்" என்றார் மாத்தயா.

பெருவிரலுக்கு மை எடுத்து வைத்தார். எனக்கு எழுதத் தெரியும் என்று சொல்லி வாங்கி என் பேரை எழுதினேன். 'ளா' கொஞ்சம் கோணிவிட்டது.

கந்தோருக்குப் பொய் சொல்லவில்லை. எமன் காதிலும் விழவில்லை. இரண்டும் நடந்துவிட்டது.

சீமை குளிருமாம். மாமாவின் கம்பளியைத் துவைத்துக் காய வைத்திருக்கிறேன், முக்தார் முதலாளி கொழும்புக்குச் சரக்கு எடுக்க வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். வழியனுப்ப நான் வர மாட்டேன். தாலி அறுத்து வருடம் திரும்பாதவள் கப்பலடியில் நிற்கக் கூடாது.

இருளாயி


கொழும்பு
1935 செப்டம்பர் 8

அம்மே,

'அத்தைக்கு' என்று எழுதி, அடித்துவிட்டேன். தமிழில் எழுத உங்கள் உத்தரவு இல்லை. ஆகவே சிங்களத்தில் கூப்பிடுகிறேன். இது நம்முடைய வார்த்தைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. அவன் கண்டுபிடித்தால் நான் பொறுப்பு.

பாஸ்போட் வந்துவிட்டது. நீலத் துணி அட்டை. பேரை மாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னார், தவம் என்றோ தமயந்தி என்றோ. வேண்டாம் என்றேன். முன்பு அந்தப் பேரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வெட்கப்படுவேன். கந்தோரில் போன கிழமை அதைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். நிமிர்ந்து எழுந்து போனேன். அதே கிளாக்கர் உங்கள் கடதாசியைப் படித்துவிட்டு, "பெரிய மனுசி" என்றார். நான் அதை வாங்கிக் கையொப்பத்தைப் பார்த்தேன். 'ளா' கோணவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

கம்பளியில் ஆலைப் புகை வாசனை துவைத்தும் போகவில்லை. அதற்காகவே நான் மறுபடி துவைக்க மாட்டேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் படகில் ஏற்றுவார்கள். வர மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

தவிட்டம்மாள்


நாகமலைத் தோட்டம்
1935 ஆவணி 31

என் மகளுக்கு,

நான் வந்தேன்.

புதன்கிழமை வேலை முடிந்து பாலை ஊற்றிவிட்டு வாளியைக் கழுவும்போது கூட வருவதாக இல்லை. வியாழக்கிழமை விடியும்போது சித்தி மரியம் வந்து கதவைத் தட்டினார். "எழும்பு. தாலி அறுத்தவள் வரக் கூடாதெண்டு எந்தக் கப்பல்ல எழுதி ஈக்கி? எனக்குப் பின்னால நில்லு. ஒருத்தனும் பாக்க மாட்டான்" என்றார். அவிசாவளைக்கு வந்து ரயில் ஏறினோம். அந்தச் சின்ன ரயில் எல்லா இடத்திலும் நின்று நின்று வந்தது. சித்தி மரியம் அதைத் திட்டின திட்டை எழுத முடியாது.

துறைமுகத்துக்கு வந்து சேரும்போது படகு கிளம்பிவிட்டது. கடலை நான் பார்ப்பது இரண்டாம் தரம். முதல் தரம் ஆறு வயதில், எங்கள் அப்பன் தோளில் இருந்து. அவ்வளவு ஆட்களுக்கு நடுவில் உன்னைக் கண்டுபிடித்தேன். வெள்ளைச் சேலை. தோளில் கம்பளி. வெயிலில் எதற்குக் கம்பளியைப் போட்டிருந்தாய்? உன் முதுகுதான் தெரிந்தது. நேராக உட்கார்ந்திருந்தாய். ஆலையில் விறகடுப்பு முன்னால் உன் அப்பா உட்காரும் மாதிரியே இருந்தது.

கூப்பிட வாயைத் திறந்தேன். என் கை என் வாயைப் பொத்த வந்தது. இருபது வருடப் பழக்கம். சித்தி மரியம் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மகளே" என்று கத்தினேன். தமிழில்தான். "ஏ மகளே, எம் மகளே" என்று எத்தனை தரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு துரைசாணி குடையைத் தூக்கிப் பார்த்தாள். மூட்டை தூக்குகிறவர்கள் நின்று பார்த்தார்கள். படகில் இயந்திரச் சத்தம். நீ திரும்பவில்லை.

ரயிலில் சித்தி மரியம் சொன்னார்: "புள்ளக்கிக் கேக்காட்டி என்ன? நீ போட்ட சத்தம் ஒண்ட எமனுக்குக் கட்டாயம் கேட்டிருக்கும்."

கேட்டால் கேட்கட்டும் என்றேன். அவன் வந்தால் என்னிடம் வரட்டும். லயத்தில்தான் இருக்கிறேன், நாலாம் காம்பரா.

ஞாயிற்றுக்கிழமை ஈரப்பலா மரத்தடிக்குப் போனேன். இருபது வருடத்துக்கு மேலாகப் போகாத இடம். மூன்று கல்லும் பாசி பிடித்து அப்படியே இருக்கிறது. சுரண்டித் துடைத்துவிட்டு, உங்கள் தங்கச்சி சீமைக்குப் படிக்கப் போயிருக்கிறாள் என்று சொன்னேன்.

வரும்போது அந்த அரிசியை, நீ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதை, வைத்திருந்தால் எடுத்து வா. உன் அப்பாவுக்குப் போட வேண்டியது அப்படியே இருக்கிறது. நீதான் போட வேண்டும்.

உன் அம்மா
இருளாயி